ரோல் என்றால் பங்கா, பொறுப்பா?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

ஒருவர் செய்யும் வேலையை வைத்து மைக்ரோசாஃப்ட் தரும் ‘ரோல் பேஸ்டு சர்டிஃபிகேஷன்’ என்பதற்குப் ‘பங்குசார் சான்றிதழ்’ என்று முடிவாகும் போலிருக்கிறது. அதற்குமுன் என் மறுப்பைச் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மாரத்தஹள்ளியில் அக்கா வீட்டில் இருந்தேன். அக்கா மகள், மைக்ரோசாஃப்டின் மேகக் கணிமைச் சேவையான அசூரின் நிர்வாகிக்கான ஏஇசட்-104 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். நம் சொல்லை அவள் நோட்டில் எழுதிக் காட்டினேன். எட்டிப் பார்த்த அப்பா, “எந்தக் கம்பெனிப் பங்கம்மா இது?” என்று கேட்டார். நாளிதழ் படிக்கும் எவரும் அப்படித்தான் கேட்பார்.

‘பொறுப்பு’ என்ற நல்ல சொல் நம் வாயிலேயே இருக்கிறது. பொறுப்பேற்றார், பொறுப்பு மாறினார், பொறுப்பாளர் என்று வினையாகவும் பெயராகவும் அது வளைந்து கொடுக்கிறது. பொருளும் பொருந்துகிறது. முன்பு மைக்ரோசாஃப்ட் சான்றிதழ்கள் ‘விண்டோஸ் சர்வர் 2012’ போன்ற மென்பொருளின் பெயரில் இருந்தன. 2018இல் நிர்வாகி, உருவாக்குநர், தீர்வுக் கட்டமைப்பாளர் என்று ஆளின் வேலையை வைத்து வகுக்கத் தொடங்கினார்கள். என்ன தெரியும் என்பதைவிட, எதற்கு நீ பதில் சொல்ல வேண்டியவன் என்பதே இப்போது கேள்வி. நள்ளிரவில் தரவுச் சேமிப்பகம் நின்றுபோனால் யாரைக் கூப்பிடுவார்கள்? அவர் பொறுப்பாளர், பங்காளர் அல்லர். ஆகவே ‘பொறுப்புவழிச் சான்றிதழ்’ என்பேன்.

சான்றிதழ் பெறும் வழியைக் குறிக்கும் ‘பாத்’ என்பதற்குப் ‘படிநிலை’ என்பதையும் ஏற்க முடியவில்லை. அடிப்படைத் தேர்வான ஏஇசட்-900ஐ எழுதினால்தான் 104 எழுதலாம் என்று பலர் நம்புகிறார்கள். அப்படிக் கட்டாயம் இல்லை. ஆனால் கட்டமைப்பாளர் சான்றிதழுக்கு ஏஇசட்-305 தேர்வு மட்டும் போதாது, நிர்வாகி சான்றிதழும் வேண்டும். ஓரிடத்தில் படி, ஓரிடத்தில் கிளை. ஆகவே ‘பொறுப்புத் தடம்’ என்பேன்.

வைட்ஃபீல்டிலிருந்து, அன்புடன்.

மறுமொழி:

ஐயா, பொறுப்புவழிச் சான்றிதழ், பொறுப்புத் தடம் இரண்டும் எனக்குச் சம்மதம். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். ஒரு கணினி அமைப்பில் யார் எதைத் தொடலாம் என்று வரையறுக்கும் அணுகல் கட்டுப்பாட்டிலும் ‘ரோல்’ வருகிறது. அங்கே அது அனுமதிகளின் தொகுப்பு. ஒரு நிரலுக்கும் அதைக் கொடுக்கிறோம். நிரலுக்கு ஏது பொறுப்பு? அதற்கு ‘உரிமைத்தொகுப்பு’ என்று தனிச்சொல் வைத்துக்கொள்ளலாம். மறுப்பு இல்லையென்றால் இரண்டையும் தனித்தனிப் பதிவுகளாக விக்சனரியில் இட்டுவிடுகிறேன்.