புதுப்பிப்பு: ஜெர்மனியில் முதுநிலைப் படிப்பு, இரண்டரை ஆண்டுகளுக்குப் பின்

இயந்திரப் பொறியியல் முதலாண்டில் இருந்தபோது, ஜெர்மனியில் முதுநிலைப் படிப்புக்கு இப்போதே திட்டமிடுவது அவசரமா என்று கேட்டிருந்தேன்; அரியர் இல்லாமல் படித்தாலே போதும் என்பதே பலரின் பதிலாக இருந்தது. ஐந்தாம் பருவம் முடிந்த நிலையில், அது நல்ல அறிவுரைதான் என்றாலும் முழுமையானதன்று என்று தோன்றுகிறது.

அங்குள்ள பல பல்கலைக்கழகங்கள் சிஜிபிஏவை (எல்லாப் பருவங்களின் ஒட்டுமொத்த மதிப்பெண் சராசரி) மட்டும் பார்ப்பதில்லை. கணிதம், வெப்ப இயக்கவியல், கட்டுப்பாட்டியல் போன்றவற்றில் எத்தனை கிரெடிட் (பாடத்தின் அளவைக் குறிக்கும் புள்ளி) பெற்றிருக்கிறோம் என்பதைத் தங்கள் பாடத்திட்டத்தோடு ஒப்பிட்டு, குறைவாக இருந்தால் விண்ணப்பத்தை நிராகரிக்கவும் செய்கின்றன. இதை நான்காம் பருவத்தில்தான் உணர்ந்தேன். எளிதாக மதிப்பெண் கிடைக்கும் விருப்பப்பாடத்தை விட்டுவிட்டு எண்சார் முறைகள் என்ற கணிதப் பாடத்தை எடுத்ததில் சிஜிபிஏ சற்றுக் குறைந்தது, அதில் வருத்தமில்லை.

ஜெர்மனியில் கல்விக் கட்டணமே இல்லை என்று முன்பு எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ பெறுகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து கட்டணம் பெறத் தொடங்கியது. விசாவுக்காக முடக்கக் கணக்கில் (மாதந்தோறும் குறிப்பிட்ட தொகையை மட்டுமே எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு) ஓராண்டுச் செலவுக்கென 2024 செப்டம்பர் முதல் காட்ட வேண்டியிருக்கும் 11,904 யூரோ கட்டணமன்று, மாதம் 992 யூரோவாக நமக்கே திரும்பி வரும் பணம் என்பதை அப்பாவுக்குப் புரியவைக்க ஒரு மாலைப் பொழுது முழுவதும் ஆயிற்று.

கல்விச் சான்றுகளைச் சரிபார்க்கும் ஏபிஎஸ் சான்றிதழ் 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களுக்குக் கட்டாயம் என்பதால், ஆறாம் பருவ மதிப்பெண் பட்டியல் வந்தபின் அதற்கு விண்ணப்பிக்கவிருக்கிறேன். ஜெர்மன் மொழியில் ஏ2 நிலை (ஆறு நிலைகளில் இரண்டாவது) முடிந்துவிட்டது.