புதுப்பிப்பு: மாருதி 800-க்கு வீட்டில் வார்த்த யூரித்தேன் மவுண்ட்

ரப்பர் கிழிந்த இன்ஜின் மவுண்டில் (இன்ஜினை வண்டியோடு பிடித்து வைக்கும் தாங்கி) யூரித்தேன் ஊற்றப் போவதாகப் போன மாதம் எழுதியிருந்தேன். இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றினால் ரப்பர் போல இறுகும் பிளாஸ்டிக் அது. மாட்டி 600 கிலோமீட்டர் ஓடிவிட்டது. விரிசல் ஏதும் இல்லை.

முதல் வார்ப்பு வீண். மழை நாளில் கலந்துவிட்டேன். அந்த இரண்டு திரவங்களில் ஒன்றான ஐசோசயனேட்டில் ஈரம் பட்டால் கார்பன் டை ஆக்சைடு கிளம்பும். அறுத்துப் பார்த்தால் உள்ளே ஆப்பம் மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. அடுத்த முறை நல்ல வெயில் வரும்வரை காத்திருந்தேன். பழைய ரப்பரைச் சுரண்டி, இரும்பை உப்புத்தாளால் தேய்த்து, தின்னரால் துடைத்தேன். நடுவில் போல்ட் போகும் குழாயை மையம் பார்த்து நிறுத்துவதற்கே பாதி நாள் போனது. இரண்டு திரவங்களையும் தராசில் எடை போட்டுக் கலந்து, ஓரமாக நூல் போல ஊற்றினேன். அப்புறம் ஒரு வாரம் தொடவில்லை.

யூரித்தேனின் கடினத்தன்மை ஷோர் ஏ அளவில் 80 வேண்டாம், அதைவிட மெதுவான 60 போதும் என்று சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி. மூன்று சிலிண்டர் இன்ஜின் ஐடிலில், அதாவது வண்டி நின்றபடி ஓடும்போது, இயல்பாகவே ஆடும். 60-லேயே ஸ்டீயரிங் லேசாக அதிர்கிறது. ஆனால் கிளட்ச் விடும்போது கேட்ட 'டொக்' சத்தம் சுத்தமாகப் போய்விட்டது.

செய்ய நினைப்பவர்கள் கலக்கும்போது துணி முகமூடியை நம்ப வேண்டாம். ரசாயன ஆவியை வடிகட்டும் மாஸ்க்கே போடுங்கள், கையுறையும் சேர்த்து.