பதிவான டிரம்ஸில் சாம்பிள் சேர்த்தபோது: அனுபவப் பகிர்வு

மிக்ஸிங் பொறியாளர், சென்னை:

பதிவு செய்த டிரம்ஸில் கிக் (காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்), ஸ்னேர் (குச்சியால் அடிக்கும், சரசரக்கும் டிரம்) ஒலிகளுக்குப் பதிலாக வேறு சாம்பிளை, அதாவது தனியாகப் பதிவு செய்து வைத்த ஒற்றை அடியின் ஒலியை, வைப்பது பற்றி நம்மில் பலருக்கும் உறுதியான கருத்து இருக்கிறது. சிலர் அதைத் தொடவே கூடாது என்கிறார்கள். சிலர் அது இல்லாமல் ஒரு பாட்டையும் வெளியே விடுவதில்லை. என் அனுபவத்தை எழுதுகிறேன், நீங்களும் எழுதுங்கள்.

ஓர் இளைஞர் இசைக்குழு, வாடகைக்கு எடுத்த அறையில் தாங்களே பதிவு செய்த டிரம்ஸை என்னிடம் கொண்டுவந்தது. தாழ்வான கூரை, தரை முழுக்க டைல்ஸ். டிரம்மர் அருமையாக வாசித்திருந்தார். அறைதான் அவருக்கு எதிராக இருந்தது. கிக் ஒலி அட்டைப் பெட்டியைத் தட்டியதுபோல் இருந்தது. ஸ்னேர் மைக்கில் ஸ்னேருக்குச் சமமாக ஹை-ஹேட்டும் (மிதித்தால் மூடும் இரட்டைச் சிம்பல்) பதிவாகியிருந்தது. ஸ்னேரின் கூர்மையை வெளியே கொண்டுவர, அலைவரிசைகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஏற்றினால் முதலில் ஏறுவது ஹை-ஹேட். உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கும் கம்ப்ரஸர் போட்டால் இரண்டு அடிகளுக்கு நடுவில் ஹை-ஹேட் பொங்கி வரும். ஓர் அளவுக்குக் கீழே இருக்கும் ஒலியைத் தடுக்கும் கேட் போட்டு அடைத்தால் மெல்லிய அடிகள் காணாமல் போகும். இப்படி எல்லா வழியும் அடைபட்ட இடத்தில்தான் சாம்பிளுக்கு உண்மையான வேலை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஸ்னேர் டிராக்கை அப்படியே பிரதி எடுத்து, பிரதியின் மேல் டிரிகர் பிளக்-இன்னை வைத்தேன். அடி விழும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கே சாம்பிளை ஒலிக்கவைக்கும் மென்பொருள் அது. பிளக்-இன் கேட்கும் ஒலியில் மட்டும் மேல் அலைவரிசைகளை வடிகட்டினேன். ஹை-ஹேட்டை ஸ்னேர் என்று எண்ணி அது ஏமாறக் கூடாது. பிறகு, அது போட்ட சாம்பிள்களைத் தனி ஆடியோ டிராக்காக எழுதி, திரையில் பெரிதாக்கி ஒவ்வோர் அடியையும் மூல ஸ்னேரோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். இந்த வேலையைத் தயவுசெய்து யாரும் தவிர்க்காதீர்கள். பிளக்-இன் அடியைக் கண்டுபிடிக்கும் நேரம் எல்லா அடிக்கும் ஒன்றாக இருப்பதில்லை. மெல்லிய அடியில் கொஞ்சம் தாமதிக்கும். சாம்பிள் 2 மில்லி நொடி பிந்தினால் 250 ஹெர்ட்ஸ் பகுதியில் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். ஸ்னேரின் சதைப்பற்று இருப்பதே அந்தப் பகுதியில்தான். ஒலியைப் பெரிதாக்கச் சேர்த்த சாம்பிள் இருந்ததையும் மெலிய வைத்துவிடும்.

டிரம்ஸுக்கு மேலே நிறுத்தும் ஓவர்ஹெட் மைக்குகளையும் மறக்கக் கூடாது. ஸ்னேரிலிருந்து ஒரு மீட்டர் மேலே இருக்கும் மைக்கை ஒலி எட்டச் சுமார் 3 மில்லி நொடி ஆகும். எனவே சாம்பிளை அருகிலிருக்கும் மைக்கோடு பொருத்திவிட்டு, ஓவர்ஹெட்டையும் திறந்து, சாம்பிளின் போலாரிட்டியை (அலையின் மேல், கீழ் திசையை) மாற்றி மாற்றிக் கேட்பேன். எந்தப் பக்கத்தில் அடித்தளம் கனமாக இருக்கிறதோ அதுவே சரி. இதைக் காதால்தான் முடிவு செய்கிறேன். திரை உதவிக்கு மட்டும்.

கடைசியில் அந்தப் பாட்டில் கிக்கை முழுமையாக மாற்றினேன். ஸ்னேரில் மூல ஒலியே முன்னால் நின்றது. சாம்பிள் அதற்கு அடியில், பல டெசிபல் தாழ்வாக. ரிவெர்புக்கு (அறையின் எதிரொலிபோன்ற ஒலியைச் சேர்க்கும் கருவி) சாம்பிளை மட்டும் அனுப்பினேன். மூல ஸ்னேரை அனுப்பியிருந்தால் அதோடு ஒட்டிக்கொண்டிருந்த ஹை-ஹேட்டும் ரிவெர்பில் போய்ப் பாட்டு முழுக்க இரைந்திருக்கும். நிர்வானா குழுவின் 1991ஆம் ஆண்டு ஆல்பமான நெவர்மைண்டை மிக்ஸ் செய்த ஆண்டி வாலஸும் சாம்பிளை இவ்வாறு ரிவெர்பை ஊட்டப் பயன்படுத்தினார். இந்த வித்தைக்கு அதைவிட வயது அதிகம். ஸ்டீலி டான் குழு 1980இல் வெளியிட்ட காச்சோ ஆல்பத்துக்காக ஒலிப்பதிவாளர் ராஜர் நிக்கல்ஸ் டிரம் சாம்பிள்களை ஒலிக்கவைக்கும் வெண்டெல் என்ற கருவியையே உருவாக்கினார். கணினித் திரையில் அலை வடிவத்தைப் பார்த்து நகர்த்தும் வசதி அன்று பெரும்பாலான ஸ்டூடியோக்களில் கிடையாது. அதை நினைக்கும்போதெல்லாம் அவர்கள் உழைப்பின் மேல் எனக்கு மரியாதை கூடுகிறது.

டிரம்மர், மதுரை:

அண்ணா, நீங்கள் எழுதியதை நிறைவோடு படித்தேன். கிட்டின் பின்னால் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் நானும் சொல்ல வேண்டியது இருக்கிறது.

மெல்லிசைக் கச்சேரிகளில் வாசிக்கிறேன். அவ்வப்போது ஒலிப்பதிவுக்கும் அழைப்பார்கள். ஒரு 6/8 பாட்டு. பல்லவியில் ஸ்னேரின் விளிம்பில் குச்சியைக் கிடத்தி சைடு-ஸ்டிக் வாசித்தேன், பாடகியின் குரலுக்கு இடம் விடுவதற்காக. சரணத்தில் முழு ஸ்னேர். முக்கிய அடிகளுக்கு நடுவில் இடது கையால், குச்சி தோலை விட்டு ஓர் அங்குலம்கூட எழும்பாமல் கோஸ்ட் நோட் வாசித்தேன். 6/8 நடை துள்ளுவதே அந்த மெல்லிய அடிகளால்தான்.

பாட்டு வெளிவந்தபோது பல்லவியிலேயே முழு ஸ்னேர் விழுந்துகொண்டிருந்தது. சைடு-ஸ்டிக்குக்கும் ஸ்னேருக்கும் ஒரே சாம்பிளைப் போட்டுவிட்டார்கள். கோஸ்ட் நோட் ஒன்றுகூட இல்லை. சரண முடிவில் நான் சிறிதாகத் தொடங்கி ஏற்றிக்கொண்டு போன உருட்டு, முதல் அடி முதல் கடைசி அடி வரை ஒரே உயரத்தில், ஒரே ஒலியின் நகலாகக் கேட்டது. மனிதக் கை அப்படி வாசிக்காது. வலது கை அடிக்கும் இடமும் இடது கை அடிக்கும் இடமும் ஒன்றாக இருப்பதே இல்லை. நடுத்தோலில் விழும் அடி வேறு, ரிம்மையும் (விளிம்பு வளையம்) சேர்த்துத் தட்டும் ரிம்ஷாட் அடி வேறு. ஸ்டூடியோவுக்குப் போன் செய்து, "அண்ணே, நான் வாசித்தது எங்கே?" என்று கேட்டேன். "தம்பி, இப்போது எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள்" என்றார் மிக்ஸ் செய்தவர். மனம் மிகவும் வலித்தது.

அதற்குப் பிறகு வேறொரு ஸ்டூடியோவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். பாட்டுப் பதிவு முடிந்ததும் அங்கிருந்த பொறியாளர், "மைக்கை யாரும் நகர்த்த வேண்டாம், தனி அடிகள் எடுத்துக்கொள்வோம்" என்றார். சிம்பல்களைக் கழற்றி வைத்தார். ஸ்னேரை மெதுவாக, நடுத்தரமாக, ஓங்கி என்று மூன்று பலத்தில் அடிக்கச் சொன்னார். ஒவ்வொன்றிலும் பல அடிகள். ரிம்ஷாட் தனி, சைடு-ஸ்டிக் தனி. அடித்தபின் ஒலி முழுக்க அடங்கும்வரை மூச்சைக்கூட இழுக்காமல் காத்திருக்கச் சொன்னார். மிக்ஸில் சாம்பிள் தேவைப்பட்டபோது அதே நாள், அதே அறை, அதே தோல், என் கை எல்லாம் அவரிடம் தயாராக இருந்தன. அந்தப் பாட்டில் எது மூலம், எது சாம்பிள் என்று எனக்கே தெரியவில்லை, தெரிந்துகொள்ளவும் தோன்றவில்லை. இப்போது எந்தப் பதிவுக்குப் போனாலும் தனி அடிகளுக்குச் சிறிது நேரம் ஒதுக்கும்படி நானே கேட்கிறேன். டிரம்மர் நண்பர்களே, கூச்சப்படாமல் கேளுங்கள்.

தேவாலய ஒலிப்பணியில் உதவுபவர், நாகர்கோவில்:

மதுரைத் தம்பி சொன்ன தனி அடிகள் ஒரு கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியைக் காப்பாற்றின. டிஜிட்டல் மிக்ஸரிலிருந்து எல்லா டிராக்கும் தனித்தனியாகப் பதிவாகிக்கொண்டிருந்தன. பாதி நிகழ்ச்சியில் மேடையில் நடமாடிய யாரோ காலில் இழுபட்டு கிக் மைக்கின் கேபிள் கழன்றுவிட்டது. கூட்டத்துக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. சிறிய அரங்கம், டிரம்ஸின் நேரடி ஒலியே போதுமானதாக இருந்தது. பதிவில் மட்டும் அதற்குப் பிறகு கிக் டிராக் வெறுமை.

நல்ல வேளையாக, மாலையில் ஒலி சரிபார்த்தபோது டிரம்மர் கிக்கை மட்டும் தனியாக அடித்துக்காட்டியதும் பதிவாகியிருந்தது. அவற்றில் சுத்தமான அடிகள் சிலவற்றை வெட்டி எடுத்தேன். டிரிகர் போடலாம் என்று ஓவர்ஹெட் டிராக்கின் கீழ் அலைவரிசைகளை மட்டும் பிரித்துப் பார்த்தால், பேஸ் கிட்டாரும் அங்கேயே உட்கார்ந்திருந்தது. பிளக்-இன் கிட்டாரின் ஒவ்வொரு சுரத்தையும் கிக் என்று எண்ணியது. ஆகவே கையால்தான் செய்தேன். ஓவர்ஹெட்டில் கிக் விழும் இடம் சிறு மேடாகத் தெரியும். ஒவ்வொரு மேட்டுக்கும் மிடியில் (கணினிக்கு இசையைக் குறிப்புகளாகச் சொல்லும் முறை) கிக்குக்கு உரிய 36ஆம் எண் சுரத்தை வைத்து, வெலாசிட்டியை (அடியின் பலத்தை) மேட்டின் உயரத்தைப் பார்த்துக் கூட்டிக் குறைத்தேன். எந்த அடியையும் கணினியின் தாளக் கட்டத்துக்கு இழுத்து ஒட்டவில்லை. எங்கள் டிரம்மர் பல்லவி திரும்பும்போது இயல்பாகவே சற்று முன்னால் பாய்வார். பாடகர் குழுவும் அவரோடு பாயும். அதை நேராக்கினால் குழுவின் குரல்கள் தாளத்தை விட்டு விலகி நிற்கும்.

மெட்டல் இசைக் குழுவில் கிட்டார் வாசிப்பவர், பெங்களூரு:

மேலே எழுதிய மூவரோடும் எனக்கு ஓர் இடத்தில் கருத்து வேறுபாடு. வேகமான இரட்டைக் கிக்கில் மூல ஒலியை வைத்துக்கொண்டு போராட வேண்டியதில்லை. நிமிடத்துக்கு 200 துடிப்பு வேகத்தில் பதினாறாம் பகுதிச் சுரங்களாகக் கிக் விழுந்தால் இரண்டு அடிகளுக்கு நடுவே 75 மில்லி நொடிதான். காலால் அந்த வேகத்தில் ஓங்கி மிதிக்க யாராலும் இயலாது. அடி மெலியும், முந்தைய அடியின் அடிநாதம் அடங்குவதற்குள் அடுத்தது வந்து சேரும். கிட்டார்களின் சுவருக்குள் அது கேட்காது. நாங்கள் கிக் தோலில் டிரிகர் சென்சாரை ஒட்டிப் பதிவு செய்து, வால் குட்டையான சாம்பிளால் முழுமையாக மாற்றுகிறோம். அந்த இசைக்கு அது ஏமாற்று வேலை ஆகாது. கேட்பவர் எதிர்பார்ப்பதும் அந்தத் தெளிவைத்தான். ஸ்னேரிலும் டாமிலும் (கிட்டில் உள்ள மற்ற டிரம்கள்) மட்டும் நீங்கள் சொல்வதை முழுமையாக ஏற்கிறேன்.

நாட்டுப்புறத் தாளக் கருவிகளைப் பதிவு செய்பவர், தஞ்சாவூர்:

டிரம்ஸுக்குச் சரியாக வருவதைப் பறைக்கும் தவிலுக்கும் அப்படியே கொண்டுவரச் சொல்லி என்னிடம் கேட்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

தவிலின் ஒரு பக்கத்தில் குச்சி, மறுபக்கத்தில் கூடு மாட்டிய விரல்கள். ஒரு கோர்வைக்குள் எத்தனை வகைச் சொற்கள் விழுகின்றன என்று வாசிப்பவரைக் கேட்டுப் பாருங்கள். மூன்று பலத்தில் சாம்பிள் எடுத்து முடிக்கும் கருவி அல்ல அது. பறையில் சிக்கல் வேறு மாதிரி. தீயில் காட்டித் தோலை இறுக்கியபின் வாசிக்கத் தொடங்குவார்கள். வாசிக்க வாசிக்கச் சூடு இறங்கும், சுருதியும் இறங்கும். முதல் நிமிடத்தில் எடுத்த சாம்பிள் கடைசி நிமிடப் பறையோடு பேசாது. ஒரு பதிவில் இதைத் தெளிவாகக் கேட்டேன்: சாம்பிள் மேலே நிற்கிறது, பறை கீழே இறங்கிவிட்டது, இரண்டும் சேர்ந்து கலங்கிய ஒலி. சாம்பிளை எடுத்துவிட்டு, வாசிப்பவர்களை ஒவ்வொரு பதிவுக்கும் முன் மறுபடி காய்ச்சச் சொன்னேன். நெருப்புக்கு ஸ்டூடியோவின் பின்புறம் சிறிது இடம் கிடைத்தால் போதும். பிளக்-இன் தரமுடியாத விறைப்பு அதில் கிடைக்கிறது.

மிக்ஸிங் பொறியாளர், சென்னை:

தஞ்சை ஐயா சொன்ன சுருதி இறக்கம் ஸ்னேருக்கும் பொருந்தும், அளவு குறைவாக. நாள் முழுக்க வாசித்தால் தோல் தளரும். ஆகவே மதுரைத் தம்பி சொன்ன தனி அடிகளை எல்லாப் பாட்டும் முடிந்தபின் ஒரே தடவையாக எடுக்காமல், ஒவ்வொரு பாட்டுக்கும் பின்னால் எடுப்பது நல்லது. பெங்களூரு நண்பரின் இரட்டைக் கிக்கை நான் மறுக்கவில்லை; அந்த வேகத்தில் நானும் முழுமையாகத்தான் மாற்றுவேன்.

சைடு-ஸ்டிக் காணாமல் போகாமலிருக்க ஒரு வழி: டிரிகரை முழுப் பாட்டின் மேலும் ஒரே அமைப்பில் ஓட்டாதீர்கள். பல்லவி, சரணம், உருட்டு என்று ஸ்னேர் டிராக்கை வெட்டித் தனித்தனி டிராக்குகளில் வையுங்கள். சைடு-ஸ்டிக் பகுதிக்கு டிரிகரே வேண்டாம். கோஸ்ட் நோட் இருக்கும் பகுதியில் முக்கிய அடிகளை மட்டும் டிரிகர் கேட்கும்படி வரம்பை உயர்த்தி, மெல்லிய அடிகளை மூல மைக்கே தரட்டும். மிக்ஸ் முடிந்து அனுப்பும்போது சாம்பிள் டிராக்கை மூலத்தோடு கலக்காமல் தனிக் கோப்பாகவும், சாம்பிள் இல்லாத ஒரு மிக்ஸையும் சேர்த்து டிரம்மருக்கும் அனுப்புங்கள். பிடிக்கவில்லை என்று அவர் சொன்னால் சாம்பிளின் ஃபேடரை (ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்) மட்டும் இறக்கினால் போதும்.