மறவறப் புதினம்: ‘வூஷியா’வுக்கு ஒரு சொல்

நண்பர்களே, வணக்கம்.

சண்டைத்திறம் மிக்க நாயகர்களைப் பற்றிய சீன ‘வூஷியா’ கதைகளுக்குத் தமிழில் ‘தற்காப்புக் கலைப் புதினம்’ என்று போன மடலில் வந்த சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. வூஷியா எழுத்தாளர் ஜின் யோங்கின் நாயகர்கள் தங்களைக் காத்துக்கொள்ளவா சண்டை போடுகிறார்கள்? முன்பின் தெரியாத யாருக்காகவோ உயிரைப் பணயம் வைக்கிறார்கள். அதை விட்டுவிட்டால் மிஞ்சுவது அடிதடிதான்.

‘வூ’ என்றால் போர்த்திறம். சிக்கல் ‘ஷியா’வில். கி.மு. 3ஆம் நூற்றாண்டிலேயே சீனத் தத்துவவாதி ஹான் ஃபெய், ‘ஷியா’ எனப்பட்டவர்கள் ஆயுத பலத்தால் தடைகளை மீறுகிறார்கள் என்று குறைப்பட்டிருக்கிறார். பின்னால் வந்த வரலாற்றாசிரியர் சிமா சியான் அதற்கு மாறாக இவர்களுக்கென்று தனி அத்தியாயமே ஒதுக்கி, சொன்ன சொல் தவறாதவர்கள், பிறர் இடுக்கண் தீர்க்கத் தம் உயிரையும் பாராதவர்கள் என்று பாராட்டினார். ஆக, சட்டத்துக்கு வெளியே நின்று அறம் செய்பவர். ‘வீரர்’ போதாது. ‘மறவர்’ இன்று சாதிப்பெயராக ஒலிக்கிறது. ‘ஷியா’ என்றே எழுதினால் இஸ்லாமியப் பிரிவுதான் நினைவுக்கு வரும்.

முதலில் ‘அறமறம்’ என்று குறித்து வைத்தேன். ‘அறமறப் புதினம்’ என்று எழுதிப் பார்த்ததும் பகீரென்றது: அறம் அற்ற புதினம் என்றல்லவா படிக்கிறது! சரி, திருப்பிப் போட்டேன். மறம் + அறம் = மறவறம். ‘மரவடி’ போலப் புணர்ச்சியும் ஒழுங்காக வருகிறது. இல்லறம், துறவறம் இரண்டுக்கும் பக்கத்தில் இயல்பாக உட்காரவும் செய்கிறது. அன்பைப் பற்றி வள்ளுவர் ‘மறத்திற்கும் அஃதே துணை’ என்றாரே, இந்தக் கதைகளின் உயிர் எனக்கு அங்கேதான் இருக்கிறது. அந்த ஆளை ‘மறவறத்தார்’ எனலாம், பெண்களுக்கும் பொருந்தும்.

சொல் தாங்குமா என்று பார்க்க, ஜின் யோங் 1957இல் ஹாங்காங் நாளிதழ் ஒன்றில் தொடராக எழுதத் தொடங்கிய, கழுகெய்த வீரர்களின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாக நுழைபவர்களுக்கு நான் முதலில் கொடுப்பதும் அதுதான். ஆங்கிலத்தில் நான்கு தொகுதிகளாகக் கிடைக்கிறது. நாயகன் குவோ ஜிங் எதையும் மெதுவாகத்தான் கற்பான். மங்கோலியப் புல்வெளியில் வளர்ந்தவன். கடைசியில் செங்கிஸ் கான் அவனிடம், என்னைவிடப் பெரிய வீரன் உண்டா என்கிற மாதிரி பேசுகிறார். அத்தனை பேரைக் கொன்றது வீரமாகிவிடுமா, மக்களுக்கு நன்மை செய்பவரைத்தானே உலகம் போற்றும் என்று தன்னை வளர்த்துவிட்டவரின் முகத்துக்கு நேரே கேட்கிறான் அவன். கானிடம் இருப்பது மறம். குவோ ஜிங் சொல்வது மறவறம். அந்தப் பக்கத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

அப்புறம், விரலால் ஒரு புள்ளியைத் தொட்டு எதிரியை அசையாமல் நிறுத்தும் வித்தை. அதற்குக் குமரி மாவட்டத்து ஆசான்களின் ‘வர்மம்’ இருக்கும்போது புதுச்சொல் வேண்டாம்.

‘ஜியாங்ஹு’தான் பிடிபடவில்லை. நேர்ப்பொருள் ஆறுகளும் ஏரிகளும். கதையிலோ அரசவைக்கு எட்டாத ஓர் உலகம். சத்திரங்கள், சண்டைப் பள்ளிகள், பிச்சைக்காரர் சங்கம் எல்லாம் அதற்குள் அடக்கம். ‘புறநாடு’ வரை வந்தேன், அது அயல்நாடு போல ஒலிக்கிறது. ஆற்று வாடை போகாத சொல் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.