இத்தாலியில் ஊர்ப்புறமாக கோல்ஃப் ஆடியவர்களே, மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்கள்

சாய்வுமேடு

ஃபிளாரன்ஸுக்குத் தெற்கே, கியாந்தி போகிற சாலையை ஒட்டிய உகோலினோ. 1930களில் போட்ட மைதானம். ஆடியவர்களுக்குத் தெரியும், சமதரை என்று ஓரிடம் கிடையாது. இரண்டு பக்கமும் ஆலிவும் சைப்ரஸும். தனியாகப் போயிருந்ததால் உள்ளூர்ப் பெரியவர் ஒருவரோடு சேர்த்துவிட்டார்கள். அவருக்கு ஆங்கிலம் வராது, எனக்கு இத்தாலியன் வராது.

பந்து இடப்பக்கம் போய் ஓர் ஆலிவ் மரத்தடியில் ஒட்டிக்கொண்டது. ஏழாம் நம்பர் அயர்ன் மட்டையை எடுத்துக்கொண்டு நின்றேன். மட்டையைப் பின்னால் தூக்கினால் தண்டில் இடிக்கும் போலிருந்தது. பெரியவர் வந்தார். ஒன்றும் சொல்லவில்லை. எங்கே இடிக்குமோ சரியாக அந்த இடத்தில் மரப்பட்டைமேல் தன் உள்ளங்கையை வைத்தார். அப்படியே நின்றார்.

பிறகு குனிந்து அடிமரத்தைக் காட்டினார். ஒரே தூரிலிருந்து மூன்று தண்டுகள். விரல்களில் எட்டு, அப்புறம் ஐந்து. தோளைக் குறுக்கி நடுங்குவதுபோல் காட்டி, கையைத் தரையோடு தரையாக வீசினார். எனக்கு அப்போது விளங்கவில்லை. அறைக்கு வந்து தேடியபோதுதான் தெரிந்தது. 1985 ஜனவரியில் வந்த கடுங்குளிரில் டஸ்கனி வட்டாரத்தின் ஆலிவ் மரங்களில் பெரும்பகுதி கருகிப்போனது. தரையோடு வெட்டிவிட்டார்கள். தூரிலிருந்து துளிர்த்து வந்தவைதான் இன்று அந்தப் பக்கம் மூன்று தண்டு, நான்கு தண்டாக நிற்கிற மரங்கள்.

அபராத அடி ஒன்றை ஏற்றுக்கொண்டு, பந்தை எடுத்துப் போட்டுத்தான் ஆடினேன். அந்தக் குளிரில் அவருடைய தோப்பும் போனதா என்று கேட்க ஆசை. கேட்க மொழி இல்லை. இன்னும் அது உறுத்துகிறது.

மணல்குழி

அருமை அண்ணா. எனக்கும் டஸ்கனிதான், ஆனால் கடற்கரைப் பக்கம், மரேம்மா. கிளப் பெயர் வேண்டாம்.

காட்டுப்பன்றி பற்றி எல்லாருக்கும் தெரியும். ராத்திரி வந்து புழு, கிழங்கு தேடி ஃபேர்வேயை, அதாவது வெட்டிய புல் ஆடுபாதையை, உழுதுபோட்டுவிடும். முதல் ஆளாக இறங்கினோம், மண் இன்னும் ஈரம். என் முதல் அடி நேராகப் பன்றி பறித்த குழிக்குள். பந்தின் தலை மட்டும் தெரிகிறது, பக்கத்தில் பிடுங்கிப்போட்ட புல்கட்டி தலைகீழாகக் கிடக்கிறது. கூட ஆடிய உள்ளூர்க்காரர் "இங்கே இதெல்லாம் சகஜம், அப்படியே அடி" என்கிறார். நான் கோல்ஃப் விதிகளில் 16.1ஐச் சொன்னேன். விலங்கு தோண்டிய குழி, அபராதம் இல்லாமல் எடுத்துப் போடலாம். அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. குழியைக் காட்டி, "பன்றிக்கு இது வீடு, உனக்கு ஒருநாள்" என்றார். நான் எடுத்துப் போட்டு ஆடினேன். பதினெட்டு குழியும் முடியும்வரை அவர் வேறு பேச்சே பேசவில்லை.

விதிப்படி நான் சரி. ஆனாலும் அந்த முகம் மனதில் நிற்கிறது.

விதிப்புத்தகம்

மணல்குழி நண்பரே, அவ்வளவு உறுதியாகச் சொல்லிவிட முடியாது. புதிதாக ஆடுகிறவர்களும் இதைப் படிப்பார்கள், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

2019க்கு முன்னால் வளை தோண்டி வாழும் பிராணிகள், ஊர்வன, பறவைகள் தோண்டிய குழிக்குத்தான் விலக்கு, அதாவது அபராதம் இல்லாமல் எடுத்துப் போடும் உரிமை. பன்றி அந்தக் கணக்கில் வராது. 2019இல் மாற்றினார்கள். இப்போது எந்த விலங்கு தோண்டியிருந்தாலும் குழி குழிதான் (புழு, பூச்சி நீங்கலாக). இதுவரை நீங்கள் சொன்னது சரி. ஆனால் "தோண்டிய குழி" இருக்கவேண்டும். விலங்கின் காலடித்தடம் மட்டும் இருந்தால் விலக்கு இல்லை. அது தரையின் மேடுபள்ளம் என்றுதான் எடுத்துக்கொள்ளவேண்டும். மேலாகக் கிளறி விட்டது எந்தப் பக்கம் சேரும் என்பதில்தான் சண்டையே. அதனால்தான் பன்றித் தொல்லை உள்ள கிளப்புகள் கோடு போட்டோ உள்ளூர் விதி எழுதியோ அந்த இடங்களைப் பழுதுபார்க்கும் நிலமாக, அதாவது விலக்கு உள்ள இடமாக, அறிவித்துவிடுகின்றன. ஸ்கோர் அட்டையின் பின்பக்கம் பாருங்கள், இல்லாவிட்டால் கவுன்டரில் கேளுங்கள். விலக்கு கிடைத்தாலும் அருகிலுள்ள தடையற்ற புள்ளியிலிருந்து ஒரு மட்டை நீளம்தான், கொடி நிற்கும் குழிக்கு நெருங்கி வரக்கூடாது, முழங்கால் உயரத்திலிருந்து போடவேண்டும்.

சாய்வுமேடு அண்ணா செய்தது 19ஆம் விதி (ஆடமுடியாத பந்து), அதில் கேள்வியே இல்லை.

என் கதை சின்னதுதான். ரோமில் அக்வாசந்தா, 1903இல் தொடங்கிய கிளப், இத்தாலியிலேயே பழையது. அங்கிருந்து பழைய ரோமானியக் கால்வாய்ப் பாலத்தின் வளைவுகள் தெரியும். கூட வந்த பெண்மணி ஒவ்வொரு டீயிலும் (முதல் அடி அடிக்கும் இடம்) பையைக் கீழே வைத்துவிட்டு முதலில் அந்த வளைவுகளைப் பார்ப்பார், அப்புறம்தான் பந்தை. அங்கேயே பிறந்து வளர்ந்தவராம்.

ஏரிக்கரையான்

நான் லுகானோவில இருக்கிறன். எல்லையைத் தாண்டி கோமோ ஏரிப்பக்கம் இறங்கினால் மெனாஜியோ. மேல மலையில இருக்கிற கிளப் 1907ல ஆங்கிலேயர் தொடங்கினது. பழைய கோல்ஃப் புத்தகங்களோட ஒரு நூலகமே வைச்சிருக்கினம். மழை நாளில அதுக்குள்ள இருந்தால் நேரம் போறது தெரியாது. மைதானம் ஒடுக்கம், ஒரே ஏத்த இறக்கம்.

அண்டைக்கு ஏரியில இருந்து பனிப்புகார் எழும்பி எல்லாத்தையும் மூடிப்போட்டுது. கொடி தெரியேல்ல. மச்சான் திரும்புவம் எண்டு சொல்லுறான். அப்ப மேல இருந்து டொக், டொக் எண்டு ஒரு சத்தம். புல்லு பராமரிக்கிற மனிசி ஒருத்தி கிரீனில (குழி இருக்கிற கட்டையாய் வெட்டின புல்லுத் திடல்) நிண்டு, ரேக் பிடியால கொடிக்கம்பத்தில தட்டிக்கொண்டு நிண்டவ. நாங்கள் கேக்கவே இல்லை. சத்தத்தைக் குறிவைச்சு அடிச்சன். கொஞ்ச நேரம் ஒண்டுமில்லை. பிறகு "பிராவோ!" எண்டு ஒரு கத்தல். ஏறிப் போய்ப் பாத்தால் பந்து கிரீனில கிடக்குது, அவ ஏற்கனவே அடுத்த மணல்குழிக்குப் போட்டா. ஒரு நன்றிகூடச் சொல்லக் கிடைக்கேல்ல.

பச்சைப்பாய்

அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. கொடைக்கானலில் பல வருடம் ஆடியவர். ஐரோப்பாவும் அமெரிக்காவும் மோதிய 2023 ரைடர் கோப்பை நடந்த ரோம் பக்கம் எங்காவது ஆடவேண்டும் என்பது அவர் ஆசை. ஐரோப்பா 16½–11½ என்று ஜெயித்ததை நாங்கள் இருவரும் உட்கார்ந்து முழுதாகப் பார்த்தோம். நாங்கள் போன கிளப்பில் ஹேண்டிகேப் சான்று (ஆட்டத்திறன் அளவைக் காட்டும் சான்று) இல்லாமல் ஏற்க மறுத்துவிட்டார்கள். அப்பா ஒன்றும் பேசாமல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். கவுன்டரில் இருந்த பெண் அதைப் பார்த்துவிட்டு, ஒரு வாளிப் பந்தோடு வெளியே வந்து, அவர் கையைப் பிடித்துப் பயிற்சித் திடலுக்குக் கூட்டிப்போனார். காசு வாங்கவில்லை.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஹேண்டிகேப் சான்றைக் காகிதத்தில் அச்சடித்துக் கொண்டுபோங்கள், கைப்பேசியை நம்பாதீர்கள். பல கிளப்புகள் திங்களோ செவ்வாயோ மூடியிருக்கும். சனி, ஞாயிறு உறுப்பினர் போட்டி நடக்கும், முன்பதிவு இல்லாமல் போகவேண்டாம். ஆகஸ்டில் மதியம் ஆடாதீர்கள், மே, செப்டம்பர் நல்லது. வாடகைக் கார் எடுத்தால் டிக்கி அளவைக் கேளுங்கள், சின்ன வண்டியில் இரண்டு பை நுழையாது. ஃபிளாரன்ஸ், சியெனா மாதிரி பழைய ஊர்களுக்குள் வண்டியை விடவே விடாதீர்கள். வெளி வண்டிக்குத் தடையான வட்டாரம் உண்டு, கேமரா படம் பிடிக்கும், அபராதம் மாதக்கணக்கு கழித்து வீடு தேடி வரும். வெளியே நிறுத்திவிட்டு நடங்கள். ஆடி முடித்ததும் கிளம்பிவிடாதீர்கள், கிளப் உணவகத்தில் மதியச் சாப்பாடு சாப்பிடுங்கள், அந்த ஊரில் அது ஆட்டத்தில் பாதி.

கிழக்குக்காற்று

பெர்கமோ பக்கம் ஒரு மைதானம். கோஸ்தாந்தினோ ரோக்கா அந்த வட்டாரத்துக்காரர். கேடியாக (ஆடுபவரின் பையைச் சுமப்பவராக) இருந்தவர், தெர்மகோல் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ரைடர் கோப்பையில் ஆடிய முதல் இத்தாலியர். 1997இல் டைகர் வுட்ஸையே தோற்கடித்தவர். அங்கே புல் வெட்டுகிற முதியவரிடம் ரோக்கா பெயரைச் சொன்னேன், அவ்வளவுதான். இயந்திரத்தை நிறுத்தினார். கிரீனுக்கு வெளியே போய் நின்று, ஒரு சிப்பை, அதாவது கிரீன் ஓரத்துச் சின்ன அடியை, சொதப்புவதுபோல் காட்டினார். தலையில் கை வைத்தார். பிறகு பந்தை உருட்டும் மட்டையான என் புட்டரை வாங்கி, பள்ளத்திலிருந்து பந்தே இல்லாமல் நீளமாக ஒரு புட். கண்ணாலேயே அந்தப் பந்தைக் குழிவரை தொடர்ந்தார். விழுந்ததும் மண்டியிட்டு, குப்புறச் சாய்ந்து, இரண்டு முஷ்டியாலும் தரையைக் குத்தினார்.

1995 ஓபன் போட்டி, ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ், பதினெட்டாவது குழி. ரோக்கா அன்று செய்ததைத்தான் அப்படியே நடித்துக் காட்டினார். சமநிலையை முறிக்க அதற்கப்புறம் நடந்த பிளேஆஃபில் ஜான் டேலி ஜெயித்தார். முதியவர் டேலியின் பெயரை வாயிலேயே எடுக்கவில்லை.

மணல்குழி

விதிப்புத்தகம் சார், அது மேலாகக் கிளறியது இல்லை. என் ஷூ கணுக்கால்வரை இறங்கியது, ஓரத்தில் மூக்கால் நெம்பிய தடம் தெளிவாக இருந்தது. அட்டையின் பின்பக்கமும் பார்த்தேன், பன்றியைப் பற்றி ஒரு வரி கிடையாது. குழி என்றால் குழிதான்.