கோப்பின் அமைப்பை மாற்றினால் வாடிக்கையாளரின் நிரல் என்ன ஆகும்?

வரிசைஎண்:
எங்கள் மென்பொருளின் தரவுக் கோப்பில் ஒவ்வொரு ரெக்கார்டும் 128 பைட். பெயருக்கு ஒதுக்கிய 20 பைட் போதவில்லை. தமிழ்ப் பெயர் என்றால் யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் ஒரு குறிக்கு (எழுத்து, உயிர்க்குறி, புள்ளி ஒவ்வொன்றும் தனிக் குறி) 3 பைட், ஆறு குறியோடு இடம் தீர்ந்துவிடுகிறது. 60 ஆக்கலாம் என்றால், அந்தக் கோப்பை நேரடியாகத் திறக்கும் நிரல்களை வாடிக்கையாளர்கள் பலர் தாங்களே எழுதி வைத்திருக்கிறார்கள். என்ன செய்யலாம்?

புதுப்பதிப்பு:
தாராளமாக மாற்றுங்கள். முன்கூட்டியே அறிவித்து, கூடவே பழைய கோப்பைப் புதிய அமைப்புக்கு மாற்றித் தரும் ஒரு கன்வர்ட்டர் கொடுங்கள். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள்கூட பெரிய பதிப்பு மாறும்போது தன் தரவு இருக்கும் பழைய டேட்டா டைரக்டரியை அப்படியே திறப்பதில்லை.

பழையகோப்பு:
அந்த உதாரணம் இங்கே பொருந்தாது நண்பரே. போஸ்ட்கிரெஸ் கோப்பை வாடிக்கையாளரின் நிரல் தொடுவதே இல்லை, எல்லாம் எஸ்க்யூஎல் என்ற வினவல் மொழி வழியாகத்தான். கன்வர்ட்டர் தரவைத்தான் மாற்றும், நிரலை மாற்றாது. அந்த நிரலை எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போயிருப்பார், அதன் மூல நிரலும் (சோர்ஸ்) கிடைக்காது. நிரல் நின்றுபோனால்கூடப் பரவாயில்லை. பெயருக்கு அடுத்து தொகை இருக்கும் என்று நம்பி, நீண்ட பெயரின் வாலைத் தொகையாகப் படித்து ரிப்போர்ட்டில் அச்சடித்துவிடும். அதுதான் என் பயம்.

புதுப்பதிப்பு:
அதற்குத்தானே ஹெட்டரில், அதாவது கோப்பின் தொடக்கப் பகுதியில், பதிப்பு எண்? எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளத்தின் கோப்பில் 18ஆம் ஆஃப்செட்டில் (தொடக்கத்திலிருந்து அத்தனை பைட் தள்ளி) எழுதும் பதிப்பும் 19இல் படிக்கும் பதிப்பும் இருக்கின்றன. படிக்கும் எண் தனக்குத் தெரிந்ததைவிடப் பெரிதென்றால் பழைய நூலகம் (கோப்பைப் படிக்கவும் எழுதவும் உதவும் ஆயத்த நிரல் தொகுப்பு) திறக்க மறுக்கும். எழுதும் எண் மட்டும் பெரிதென்றால் படிக்க மட்டும் விடும். அருமையான ஏற்பாடு.

பழையகோப்பு:
அருமைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த எண்ணைப் பார்ப்பது எஸ்க்யூலைட் நூலகம். 128 என்று நிரலுக்குள்ளேயே எழுதி வைத்தவர் ஹெட்டரை எட்டிப் பார்த்திருப்பாரா?

என் யோசனை: 128 பைட்டைத் தொடவே வேண்டாம். நீண்ட பெயர்களைத் தனிக் கோப்பில் வையுங்கள். அதில் தேடுவதற்கான சாவி வாடிக்கையாளர் எண்ணாக இருக்கட்டும். ரெக்கார்டின் வரிசை எண் வேண்டாம், நீக்கிய ரெக்கார்டுகளை அகற்றிக் கோப்பைச் சுருக்கினால் அது நகர்ந்துவிடும். பழைய இடத்தில் சுருக்கிய பெயர். 20இல் வெட்டினால் கடைசிக் குறி பாதியில் அறுபடும், 18இல் நிறுத்தி மீதியை வெற்றிடத்தால் நிரப்புங்கள்.

வரிசைஎண்:
சிலர் படிப்பதோடு நிற்பதில்லை, எழுதவும் செய்கிறார்கள். பழைய நிரல் பெயரை மாற்றினால் தனிக் கோப்பில் பழைய பெயரே இருக்குமே?

பழையகோப்பு:
தனிக் கோப்பில் நீண்ட பெயரோடு அதன் சுருக்கத்தையும் வையுங்கள். முதன்மைக் கோப்பில் உள்ளது அதோடு ஒத்துப்போகவில்லை என்றால் யாரோ மாற்றியிருக்கிறார்கள். அப்போது நீண்ட பெயரை விட்டுவிட்டுச் சுருக்கத்தை எடுங்கள்.

புதுப்பதிப்பு:
சரி, பெயருக்கு இது ஓடும். நாளைக்குத் தொகை 4 பைட்டில் அடங்காவிட்டால்? வெட்டிய பெயரைப் பார்த்தால் மனிதருக்குப் புரியும், வெட்டிய தொகை பொய்க்கணக்கு. அன்றைக்கு எப்படியும் உடைக்கத்தான் வேண்டும். அதற்குள் படிக்க, எழுத ஒரு நூலகம் கொடுத்து அவர்களைக் கோப்பிலிருந்து வெளியே கொண்டுவாருங்கள்.

வரிசைஎண்:
தொகை இப்போதே 4 பைட்தான். தனிக் கோப்பையும் நூலகத்தையும் ஒரே பதிப்பில் வெளியிடப் பார்க்கிறேன்.