அப்பாவின் கைநடுக்கமும் வயல் மருந்தும்

வெட்டாறு:
அப்பாவுக்கு 68 வயது. திருவாரூர் பக்கம் நாலு ஏக்கர். முப்பது வருஷம் சம்பா, தாளடி நெல்லுக்கு அவரே தெளிப்பானை மாட்டிக்கொண்டு மருந்தடித்தவர். மூக்குக்குத் துண்டு கட்டினால் அதுவே அதிகம். இப்போது காபி டம்ளர் எடுத்தால் வலது கை நடுங்குகிறது. பார்க்கின்சன் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

2023-இல் வந்த கலிபோர்னியா ஆய்வு ஒன்றைப் படித்தேன். 288 பூச்சிமருந்து, களைக்கொல்லி, பூஞ்சைக்கொல்லிகளை அலசியதில் 53-க்கு இந்த நோயோடு தொடர்பு தெரிந்ததாம். உடல் அசைவைச் சீராக்கும் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கிற நரம்பு செல்கள்தான் இந்த நோயில் சாகின்றன. நோயாளியின் செல்லிலிருந்து வளர்த்தெடுத்த அந்த வகைச் செல்களில் விட்டுப் பார்த்தபோது 10 மருந்துகள் நேரடியாகவே அவற்றைக் கொன்றன. அதில் எண்டோசல்பான் என்ற பூச்சிமருந்தும் இருக்கிறது. 2011-இல் உச்ச நீதிமன்றம் தடை செய்கிறவரை எங்கள் திண்ணையில் கிடந்த டப்பா அது. இனி என்ன சந்தேகம்?

மன்னார்குடி உரக்கடை:
தம்பி, அப்பாவுக்கு இப்படி ஆனதில் வருத்தம்தான். ஆனால் ஆய்வகத் தட்டில் இருக்கும் செல் வேறு, மனுஷன் வேறு. தட்டில் உப்பை அள்ளிப் போட்டாலும் செல் சாகும். எங்கள் தெருவில் இந்த நோய் வந்தவர் பள்ளிக்கூட வாத்தியார், சேற்றில் கால் வைக்காதவர். என் கடையில் மருந்து வாங்கி அடித்தவர்கள் எத்தனையோ பேர் திடமாக நடமாடுகிறார்கள்.

குடமுருட்டி:
நானும் கெமிஸ்ட்ரி வாத்தியார்தான், எனக்கு இன்னும் வரவில்லை! கடைக்காரரே, அந்த ஆய்வில் மருந்தடித்தவர்களை மட்டும் பார்க்கவில்லை. தெளித்த வயலை ஒட்டிக் குடியிருந்தவர்களும் வேலை பார்த்தவர்களும் கணக்கில் உண்டு. உங்கள் வாத்தியார் வீட்டுக்குப் பின்னால் வயல் இருந்ததா?

தட்டை விடுங்கள், மனிதர்களிடமே நடந்த கதை இருக்கிறது. 1982, அதே கலிபோர்னியா. போதை ஊசி போட்டுக்கொண்ட சிலர் திடீரென்று, பார்க்கின்சன் முற்றியவர்கள் மாதிரி, சிலை போல உறைந்துபோனார்கள். அந்தக் கள்ளப் போதைமருந்தைத் தயாரித்தபோது பக்குவம் தவறி எம்.பி.டி.பி. என்ற பொருள் உண்டாகியிருந்தது. மூளைக்குள் போனதும் அது எம்.பி.பி. பிளஸ் ஆக மாறுகிறது. டோபமைனை உள்ளே இழுக்கிற வாசல் இதையும் நம்மாள் என்று நினைத்து விட்டுவிடும். அப்புறம் செல்லுக்குச் சக்தி தருகிற மைட்டோகாண்ட்ரியாவை நிறுத்திவிடும். வரப்புப் புல் கருக அடிக்கிறோமே பாராகுவாட் களைக்கொல்லி, அதன் மூலக்கூறு ஏறக்குறைய இதன் சாயல். சந்தேகம் அங்கேதான் கிளம்பியது. செல்லைக் கெடுக்கும் வழி வேறு என்று பிறகு தெரிந்தது, ஆனால் சந்தேகம் தீரவில்லை. கேரளா பாராகுவாட்டை 2011-லேயே தடை செய்துவிட்டது.

மன்னார்குடி உரக்கடை:
சரி சார். அந்தப் பத்தில் மயில்துத்தமும் (காப்பர் சல்பேட்) இருக்கிறதே, தம்பி ஏன் அதைச் சொல்லவில்லை? கும்பகோணத்து வெற்றிலைக் கொடிக்காலுக்கும் வாழைக்கும் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை அடிக்காதவர் யார்? இயற்கை விவசாயம் பேசுகிறவர்களும் அடிக்கிறார்கள். அதையும் நிறுத்தச் சொல்வீர்களா?

குடமுருட்டி:
கேள்வி நியாயம். எவ்வளவு பட்டது, எத்தனை வருஷம், உடம்பின் மரபணு வாகு என்ன என்பதையெல்லாம் தட்டு சொல்லாது. அதனால் ‘இதுதான் காரணம்’ என்று தம்பி சொன்னது கொஞ்சம் ஓவர்தான். ஆனால் ஒன்று. கலிபோர்னியாவில் எந்த வயலில் என்றைக்கு என்ன அடித்தார்கள் என்று அரசுப் பதிவேடு இருக்கிறது, அதை வைத்துத்தான் தேடவே முடிந்தது. இங்கே என்ன இருக்கிறது? உங்கள் கடை பில்லைக் கேட்டால் கிடைக்குமா?

வெட்டாறு:
மயில்துத்தத்தை விட்டது என் தப்புதான், பிடிக்காத மருந்தை மட்டும் எடுத்து எழுதிவிட்டேன். ஆனால் அப்பா இந்தக் கையோடு, தாளடிக்கு நானே அடிக்கிறேன் என்று நிற்கிறார். அண்ணே, உங்கள் கடையில் கையுறை, முகக்கவசம் இருக்கிறதா?

மன்னார்குடி உரக்கடை:
இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெட்டி வாங்கி வைத்தேன் தம்பி. ஒருத்தரும் கேட்கவில்லை. எலி கடித்துவிட்டது.